முகூர்த்தத்துக்கு முன்னாடி பொண்ணும் மாப்ளையும் பாத்துக்கலாமா? ஆத்தா வேண்டாங்குது, போட்டோக்காரர் வேணுங்கறாரு

ஆவணிப்பொண்ணு:
வணக்கமுங்க. இத்தன நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் மொத தடவ எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க. வர்ற ஆவணியில எனக்குக் கல்யாணம். எங்கூரு கோபி பக்கம், மாப்ள ஊடு காங்கயம் பக்கம், ரெண்டுக்கும் பொதுவா பெருந்துறைல மண்டபம் புடிச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம பொழுதோட ரிசப்ஷன், திங்கக்கெழம காத்தால 6 மணிக்கு மேல 7.30க்குள்ள முகூர்த்தம்.

இப்ப பிரச்சன என்னன்னா, போட்டோகிராபர் குடுத்த பேக்கேஜ்ல பர்ஸ்ட் லுக்னு ஒன்னு இருக்குது. காத்தால 5 மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால இருக்கற தென்னந்தோப்புல மாப்ளைய முதுகு காட்டி நிக்க வெச்சிருவாங்களாம், நான் முகூர்த்தச் சேலையோட பின்னாடி போயி தோளத் தட்டணுமாம், அவிய திரும்பிப் பாத்து அப்புடியே மலைச்சு நிக்கணுமாம், அத மூணு கேமரால எடுப்பாங்களாம். அவியளுக்கு அதுல ரொம்ப ஆச. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் ஆசதான்.

என்ற ஆத்தா (அப்பாவோட அம்மா, 82 வயசு) ஒரே புடியா நிக்குது. முகூர்த்தக்கால் நட்டாச்சுன்னா தாலி ஏர்ற வரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கக்கூடாதுங்குது. கேட்டா, "பாத்தா ஆகாது கண்ணு" அவ்வளவுதான், மேல பேச்சில்ல. எங்கய்யன் அம்மா சொன்னா மறுபேச்சு பேசாது. எங்கம்மா, "உங்கப்பன் கிட்டயே கேட்டுக்கோ"ன்னு அக்கட்டால போயிருது.

உங்கூட்டுல எல்லாம் எப்புடிங்க? பாக்கலாமா கூடாதா?

தறிக்காரன்:
அம்முணி, தப்பா எடுத்துக்காதீங்க, ஞாயித்துக்கெழம பொழுதோட ரிசப்ஷன்ல 7 மணிலருந்து 10 மணி வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காந்து 500 பேருக்கு சிரிக்கப் போறீங்க, அதுக்கப்பறம் காத்தால 5 மணிக்கு மொத மொதல்ல பாக்கற மாதிரி மலைச்சு நிக்கறதுன்னா மாப்ளைக்கு நடிப்பு நல்லா வரணுமே. ஆத்தா சொல்றதுலயும் லாஜிக் இல்ல, போட்டோக்காரர் சொல்றதுலயும் இல்ல.

சூலூர் சுகந்தி:
இதத்தான் நானும் டைப் பண்ண வந்தேன் 😀 ரிசப்ஷன ஆத்தா ஒன்னும் சொல்லலீங்களா?

ஆவணிப்பொண்ணு:
சொல்லலீங்கக்கா. அதான் எனக்கும் வெளங்கல. அது மட்டுமில்ல, பொண்ணு பாத்தது பேரூர் கோயில்ல, அதுக்கப்பறம் உப்பு சக்கரைக்கு வந்தாங்க, நிச்சயத்துக்கு வந்தாங்க, போன மாசம் ப்ரீ வெட்டிங் ஷூட்டுன்னு கொடிவேரிக்கு ஒட்டுக்காத்தான் போயிட்டு வந்தோம் (என்ற தம்பியும் கூட வந்தான், பயப்படாதீங்க). நாலு மாசமா டெய்லி வீடியோ கால். அதெல்லாம் ஆத்தாளுக்குத் தெரியும். அந்தக் கடைசி ஒரு நாள் மட்டுந்தான் கூடாதாம்.

நாலாவது தறிக்காரன் தம்பி:
கொடிவேரில மீன் வறுவல் சாப்புட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல

சூலூர் சுகந்தி:
தம்பி இழைய விட்டு ஓடிப் போயிரு.

கேமராக் கண்ணு:
நான் இந்தத் தொழில்லதான் இருக்கறேன், 11 வருசமா கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் கல்யாணம் எடுக்கறேன், அதனால உள்ளதச் சொல்றேன், சக தொழில்காரர் கோவிச்சுக்க வேண்டாம்.

இந்த பர்ஸ்ட் லுக் எங்கிருந்து வந்துச்சுன்னா சர்ச் கல்யாணத்துலருந்து. வெளிநாட்டுல சர்ச்சுக்குள்ள பொண்ணு நடந்து வரும்போதுதான் மாப்ள மொத தடவ அந்த டிரஸ்ல பாக்கணும், அதுக்கு முன்னாடி பாத்தா ராசியில்லன்னு அவங்களுக்கும் ஒரு நம்பிக்கை. ஆனா அங்க கல்யாணம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல. கல்யாணம் முடிஞ்சு வெளிய வந்து போட்டோ எடுக்கறதுக்குள்ள வெளிச்சம் போயிருது, அதுவும் குளிர்காலம்னா சொல்லவே வேண்டாம். சரி, முன்னாடியே தனியா கூப்புட்டு ஒருத்தர ஒருத்தர் பாக்க வெச்சுட்டா ஜோடி போட்டோ, குடும்ப போட்டோ எல்லாம் பகல்லயே முடிஞ்சிரும்னு கண்டுபுடிச்சாங்க. அதாவது அது வெளிச்சத்துக்காகப் பண்ண ஏற்பாடு. அழுகாச்சி, ஆச்சரியம் எல்லாம் கூட வந்து ஒட்டிக்கிச்சு.

நம்ம கதை நேர் எதிர். ஆவணி மாசம் நம்ம பக்கம் சூரியன் உதிக்கறதே 6 மணிக்கு மேல. 5 மணிக்குத் தோப்புக்குள்ள கும்மிருட்டு. ரெண்டு எல்ஈடி லைட்டு, ஒரு ஜெனரேட்டர், அந்த லைட்டுக்கு வர்ற பூச்சி பூரா பொண்ணோட ஹேர் ஸ்பிரேல ஒட்டும். நான் ரெண்டு கல்யாணத்துல எடுத்திருக்கேன், ரெண்டுலயும் மாப்ள திரும்புனப்ப கண்ணு கூசி மூஞ்சியச் சுளிச்சதுதான் பதிவாச்சு. உங்களுக்கு நல்ல வெளிச்சம் வேணும்னா தாலி கட்டி முடிச்சு 8 மணிக்கு அதே தோப்புக்குப் போங்க, தென்ன ஓலைக்கு நடுவுல வர்ற வெயிலுக்கு எந்த லைட்டும் ஈடில்ல. ஆனா பேக்கேஜ்ல அதுக்குத் தனி ரேட் போட முடியாது பாருங்க, அதான் சொல்ல மாட்டாங்க.

தறிக்காரன்:
அண்ணா, வியாபார ரகசியத்த இப்புடிப் பொதுவுல போட்டு ஒடச்சிட்டீங்களே

நாயுடு ஊட்டு மருமக:
நாங்க கோயமுத்தூர் நாயுடுங்க, ஊட்டுல தெலுங்கு. எங்களுக்கு இது விதியாவே இருக்குது. மணமேடைல பொண்ணுக்கும் மாப்ளைக்கும் நடுவுல ஒரு தெர புடிச்சிருவாங்க, அக்கட்டால யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியாது. சரியா முகூர்த்த நேரம் வரும்போது ரெண்டு பேரும் வெத்தலைல வெச்ச ஜீரகம் வெல்லம் அரச்ச உருண்டய ஒருத்தர் தலைல ஒருத்தர் வெக்கணும், அப்பறம் தெரய எறக்குவாங்க. அந்த நிமிசம் பாக்கறதுதான் பார்வைன்னு கணக்கு. தாலி கூட அதுக்கப்பறந்தான்.

எனக்கும் முந்தின நாள் ரிசப்ஷன் இருந்துச்சு. மூணு மணி நேரம் பக்கத்துல நின்னேன். அதனால தெரயெல்லாம் சும்மா சாங்கியம்னு தான் நெனச்சு உக்காந்தேன். கைய தெரைக்கு மேல தூக்கி அவங்க தலையத் தேடறேன், அகப்படல, காதுல பட்டுருச்சு, அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அப்பறம் அவங்க கை என்ற உச்சந்தலைல வந்து நிக்குது, வெல்லம் உருகி நெத்திச்சுட்டிக்குள்ள எறங்குது, கை நடுங்குதுன்னு எனக்குத் தெரியுது. தெர எறங்குனப்ப நெசமாவே எனக்கு மூச்சு நின்னு போச்சுங்க. முந்தின நாள் மூணு மணி நேரத்துல நான் பாத்தது அவங்க சட்டை காலரத்தான், ஏன்னா வர்றவங்களப் பாத்துச் சிரிக்கவே நேரம் சரியா போச்சு.

அதனால ஆவணிப்பொண்ணு, உங்க ஆத்தா சொல்றது அர்த்தமில்லாததுன்னு தள்ளீராதீங்க. அர்த்தம் வேற எங்கயோ இருக்கும்.

பழைய பஞ்சாயத்து:
எல்லாம் மூடநம்பிக்கை. ஈரோட்டுல பெரியார் பொறந்த மண்ணுல உக்காந்துட்டு மூஞ்சியப் பாக்கலாமா கூடாதான்னு இழை ஓட்டறீங்க. 1967ல சுயமரியாதைத் திருமணத்துக்கு சட்டமே போட்டாச்சு. மால மாத்தி, மோதிரம் போட்டு, உறவுக்காரங்க முன்னால ஏத்துக்கறேன்னு சொன்னாலே செல்லும். சடங்கே வேண்டாங்கும்போது பாக்கறதுக்கு என்ன தடை.

அப்பாரு பேரன்:
பஞ்சாயத்து அண்ணா, சட்டம் செல்லும், ஆனா அம்முணி கேட்டது சட்டமில்ல, ஆத்தாள எப்புடிச் சமாளிக்கறதுன்னு.

என்ற பெரியப்பா அருமைக்காரரா நெறைய கல்யாணம் நடத்திக் குடுத்தவரு. நேத்து போன் போட்டுக் கேட்டேன். அவரு சொன்னது இதுதான்: சீர்ல, அதாவது கல்யாணச் சடங்குல, எங்கயும் மூஞ்சிய பாக்கக்கூடாதுன்னு ஒரு சீர் கெடையாது. ஆனா சீர் நடக்கற வரிசையே ரெண்டு பேரும் ஒன்னாச் சேராத மாதிரிதான் அமைஞ்சிருக்கு. இணைச்சீர் எடுத்துக்கோங்க, அதுல மாப்ளைக்குப் பக்கத்துல நிக்கறது அவரோட பொறந்தவ, பொண்ணு இல்ல. பொண்ணுக்குச் செய்யறது பொண்ணூட்டுப் பக்கம், மாப்ளைக்குச் செய்யறது மாப்ளூட்டுப் பக்கம். ரெண்டும் வந்து சேர்றது மணவறைலதான். கை கோக்கறது, மங்கல வாழ்த்து பாடறது எல்லாம் அங்கதான். "அப்ப எல்லாம் பாக்கறதுக்கு நேரமும் இல்ல, எடமும் இல்ல, அதப் போயி கூடாதுன்னு எதுக்குடா சொல்லப் போறாங்க"ன்னாரு. ஒரே நாள்ல எல்லாத்தையும் ஒரே மண்டபத்துக்குள்ள அடச்சு வெச்சதுக்கப்பறந்தான் பாக்கலாமா கூடாதாங்கற கேள்வியே வருதுன்னு சொல்லிட்டு, எனக்கு எப்ப கல்யாணம்னு கேக்க ஆரம்பிச்சிட்டாரு, வெச்சிட்டேன்.

வாத்தியார் ஓய்வு:
அப்பாரு பேரன் சொன்னதுக்கு ஒரு சான்று சேர்க்கறேன். அகநானூறு 136ஆம் பாட்டுல ஒரு கல்யாணம் வருது. உறவுக்காரங்க எல்லாம் கூடி முடிச்சுக் குடுத்த அன்னைக்கு ராத்திரி. பொண்ணு கசங்காத புதுத்துணிய ஒடம்பு முழுக்க சுத்திப் போத்திட்டு உக்காந்திருக்கா. மாப்ள பக்கத்துல வந்து என்ன சொல்றான்னா, புழுக்கமா இருக்குமே, நெத்தி வேர்வைல காத்துப் படட்டும், சித்த நேரம் தெறன்னு சொல்றான். மூஞ்சியப் பாக்கோணும்னு நேராக் கேக்கல பாருங்க. இதைய 30 வருசம் பசங்களுக்கு நடத்தியிருக்கேன், ஒருத்தன் கூட கொட்டாவி விடாமக் கேட்ட பாட்டு இது ஒன்னுதான்.

நாலாவது தறிக்காரன் தம்பி:
ஏசி மண்டபமா இருந்திருந்தா அந்த மாப்ள என்ன சொல்லியிருப்பாருங்க வாத்தியாரே

வாத்தியார் ஓய்வு:
கொட்டாவி விடாத பையன் நீதானோ?

கரும்புக்கடை பாய்:
எங்க நிக்காஹ்ல பொண்ணு ஒரு ரூம்ல, மாப்ள சபைல. வலியும் (பொண்ணுக்குப் பொறுப்பா நிக்கறவரு) ரெண்டு சாட்சியும் பொண்ணு கிட்டப் போயி சம்மதம் கேட்டுட்டு வருவாங்க, மஹர் (மாப்ள பொண்ணுக்குக் குடுக்கறது) எவ்வளவுன்னு சொல்லி ரிஜிஸ்தர்ல எழுதிக் கையெழுத்தாகும், துஆ முடிஞ்ச பொறவுதான் மாப்ள உள்ள போயி பொண்ணப் பாக்கறது. ஆனா ஒன்னு, பாக்காமயே கட்டிக்கணும்னு மார்க்கத்துல இல்ல. கல்யாணம் பேசும்போதே பொண்ணப் பாத்துக்கன்னுதான் நபிமொழி இருக்கு. அன்னைக்கு மறச்சு வெக்கறது அந்த நாளுக்குன்னு இருக்கற ஒரு அழகு, முன்னாடி பாத்துத் தெரிஞ்சுக்கறது தேவை. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. எங்க கல்யாணத்துல என் மச்சான் கண்ணாடியக் கொண்டு வந்து நீட்டி அதுல பாக்க வெச்சான், கண்ணாடில பிரியாணி மசாலா கை ரேக. அத இன்னும் சொல்லிக் காட்டறாங்க ஊட்டுல.

மெழுகுவத்தி:
நாங்க சிஎஸ்ஐ. மூணு ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஓலை வாசிப்பாங்க, யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு. அதுக்கு முன்னாடி ஐயர் (எங்க சர்ச் பாதிரியார அப்புடித்தான் சொல்லுவோம்) ரெண்டு பேரையும் ஒட்டுக்கா உக்கார வெச்சுப் பேசுவாரு. சம்பளம் யாரு கைல இருக்கும், அம்மா அப்பா கூட இருப்பாங்களா, கொழந்தை எப்பன்னு எல்லாத்தையும் கேட்டாரு. நாலு மாசம் போன்ல பேசுனதுல வராத விசயம் அந்த ஒன்ற மணி நேரத்துல வந்துச்சு. பாக்கறதா வேண்டாமாங்கறத விட என்ன பேசுனீங்கன்னுதான் நான் கேப்பேன்.

பொள்ளாச்சி இளநி:
மெழுகுவத்தி சொன்னதுக்கு மேல நான் ஒன்னு சொல்லணும், இத இது வரைக்கும் எங்கயும் எழுதுனதில்ல. எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல நிச்சயமாகி, பத்திரிகை அடிச்சு, குலதெய்வத்துக்கு வெச்சுக் கும்பிட்டு, பாதி ஊருக்குக் குடுத்தும் ஆச்சு. எங்கூட்டுலயும் நிச்சயத்துக்கப்பறம் பாக்கக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. போன்ல மட்டும் பழம பேசிட்டு இருந்தோம், போன்ல எல்லாருமே நல்லவங்கதானே. சேல எடுக்கப் போன அன்னைக்கு எல்லாரும் கடைல மும்முரமா இருக்கும்போது நாங்க ரெண்டு பேரும் கீழ பேக்கரில டீ குடிக்க எறங்குனோம். அந்த இருவது நிமிசத்துல அவருக்கு மூணு போன் வந்துச்சு, மூணையும் கட் பண்ணாரு, நாலாவது போன எடுத்து சார் திங்கக்கெழம கட்டிர்றேன் சார்னாரு. மூஞ்சில வேர்வ. நான் ஒன்னும் கேக்கல, அவரே ஏதோ சீட்டுப் பணம்னு சொன்னாரு. ஊட்டுக்கு வந்து மாமாகிட்டச் சொன்னேன், மாமா நாலு எடத்துல விசாரிச்சப்ப தெரிஞ்சுது, ஆன்லைன் விளையாட்டுல விட்ட கடன், அவங்க ஊட்டுக்கே முழுசாத் தெரியாது. பேசி நிறுத்திட்டோம். ஊரு ஆறு மாசம் என்னயத்தான் பேசுச்சு. போன்ல நாலு மாசம் பேசுனப்ப அந்த வேர்வ எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க.

அதனால யாராவது பாக்காம இருக்கறது அழகு அது இதுன்னு சொன்னா எனக்கு வயிறு எரியும். பாய் அண்ணன் சொன்ன பிரிப்பு சரி. கடைசி நாள் பாக்காட்டி ஒன்னும் கொறஞ்சு போகாது. அதுக்கு முன்னாடி பாத்தே ஆகணும்.

சூலூர் சுகந்தி:
நல்ல வேள சாமி. நிறுத்துனீங்களே, அதுக்குத் தைரியம் வேணும்.

ஒறம்பர:
நான் எதிர்ப் பக்கம் ஒன்னு சொல்லிர்றேன், பொள்ளாச்சி அம்முணி கோவிச்சுக்காதீங்க. என்ற பெரியம்மா பையன் கல்யாணம். ரெண்டு பேருக்கும் நல்ல புடிச்சுப் போயிதான் நடந்துச்சு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பொண்ணு மேக்கப் ட்ரையலுக்கு வந்த எடத்துல மாப்ளயும் போயிட்டாரு, பாக்கறதுக்குன்னு. பேச்சு வாக்குல, எங்கப்பா கார் புக் பண்ணிட்டாரு ஆனா கலரு வெள்ள கெடைக்கலன்னு பொண்ணு சொல்ல, கார் யாரு கேட்டா உங்ககிட்டன்னு மாப்ள சொல்ல, உங்கம்மாதான் கேட்டாங்கன்னு பொண்ணு சொல்ல, அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரெண்டு ஊட்டுப் பெருசுகளும் மண்டபத்து மாடில. இக்கட்ட பொண்ணு அழுதுட்டு இருக்குது, அக்கட்ட மாப்ள சாப்புடாம உக்காந்திருக்கான், கீழ சமையக்காரர் வந்து இட்லிக்கு மாவு ஊத்தலாமா வேண்டாமான்னு எங்கிட்டக் கேக்கறாரு. நான் என்ன சொல்றது. ஊத்துங்கன்னேன். எப்புடியோ காத்தால தாலி கட்டுனாங்க. கார் கேட்டது தப்பு, அதுல ரெண்டு பேச்சில்ல. ஆனா அந்த வெவகாரம் அந்தப் பத்து மணி நேரத்துக்குள்ள வந்திருக்க வேண்டியதில்ல.

மெழுகுவத்தி:
தாலி கட்டுன பொறவு வந்திருந்தா மட்டும் பொண்ணுக்கு நல்லதுங்களா? முன்னாடி தெரிஞ்சதே நல்லதுதான்னு நெனைக்கறேன்.

ஒறம்பர:
அதுவும் சரிதான். எனக்கு அந்த இட்லி மாவு தான் மனசுல நிக்குது.

தறிக்காரன்:
ஆவணிப்பொண்ணுக்கு நடைமுறைல ஒரு விசயம். சிலபேரு ரிசப்ஷன முகூர்த்தத்துக்கு அடுத்து பகல்ல வெச்சிருங்கம்பாங்க, அப்ப முந்தின நாள் பாக்க வேண்டி வராது. கேக்கறதுக்கு நல்லாருக்கும், நடக்காது. மண்டபம் முந்தின நாள் மத்தியானத்துலருந்து நாள் வாடகை. கூட்டம் பூரா ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வரும், திங்கக்கெழம எல்லாருக்கும் தறி, கம்பெனி, பள்ளிக்கூடம். காத்தால 6 மணி முகூர்த்தத்துக்கு பங்காளி, மாமன் மச்சான்தான் இருப்பாங்க. அவங்களுக்கும் 7.30 ஆச்சுன்னா ராகு காலம் பொறந்துருச்சுன்னு எலையப் பாத்து ஓடீருவாங்க. அதனால ரிசப்ஷன நகத்தாதீங்க, ஆத்தாகிட்டப் பேசுங்க.

நாயுடு ஊட்டு மருமக:
ஆமா, பேசுங்க. ஆனா "பாக்கலாமா"ன்னு கேக்காதீங்க. "உங்க கல்யாணத்துல எப்புடி இருந்துச்சு ஆத்தா"ன்னு கேளுங்க. எங்க அவ்வாகிட்ட (பாட்டி) நான் அப்புடித்தான் எல்லாத்தையும் வாங்குவேன்.

ஆவணிப்பொண்ணு:
கேட்டேனுங்க. நேத்து பொழுதோட ஆத்தாளுக்குக் கால்ல தைலம் தேச்சு விட்டுட்டே கேட்டேன். ஒரு மணி நேரம் பேசுச்சு, நான் இப்புடி நெனச்சே பாக்கல.

ஆத்தா கல்யாணம் மூணு நாள் நடந்துச்சாம். ஆத்தா அப்பாருவ அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லியாம், பந்தல்ல உக்காந்திருக்கும்போதும் தல நிமிரலயாம், கால் வெரலு மட்டுந்தான் தெரிஞ்சுதாம், கட்ட வெரல் நகம் கறுத்துப் போயிருந்துச்சாம், ஏர் ஓட்டும்போது அடிபட்டது. "அந்த நகத்த வெச்சுத்தான் மூணு நாளும் உங்கப்பாரு எதுன்னு கண்டுபுடிச்சேன்"ங்குது.

அப்பறம் ரிசப்ஷன் பத்திக் கேட்டேன். "அப்ப மேடைல மூணு மணி நேரம் ஒட்டுக்கா நிக்கறமே, அது மட்டும் ஆகுமா?"ன்னு. ஆத்தா சிரிச்சுட்டு, "மேடைல நீங்க எங்க கண்ணு பாத்துக்கறீங்க? ஊரு உங்களப் பாக்குது"ன்னுச்சு. நாயுடு ஊட்டு அக்கா, நீங்க சொன்ன சட்டை காலர் ஞாபகம் வந்துருச்சு எனக்கு.

ஏன் கூடாதுன்னு திரும்பக் கேட்டேன். "பாத்தா பழம வரும், பழம வந்தா சீரு செனத்திப் பேச்சு வரும், அந்த நேரத்துல ஆருக்கும் மனசு நெதானத்துல இருக்காது"ன்னுச்சு. ஒறம்பர அண்ணன் எழுதுனதப் படிச்சுக் காட்டுனேன், கார் கதைய. "நாஞ் சொல்லல?"ன்னு தலைய ஆட்டுச்சு. பொள்ளாச்சி அக்கா எழுதுனதயும் படிச்சேன். அதுக்கு ஒன்னுமே சொல்லல. சித்த நேரங்கழிச்சு, "அந்தப் புள்ள நல்லா இருக்குதா இப்ப?"ன்னு கேட்டுச்சு. நீங்கதான் பதில் சொல்லணும் அக்கா.

முடிவு என்னன்னா, ரிசப்ஷன் இருக்குது. ராத்திரி மேடைய விட்டு எறங்குனதுலருந்து மணவறை வரைக்கும் பாக்கறதில்ல. பர்ஸ்ட் லுக் கட். அவியகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம கேமராக் கண்ணு அண்ணன் எழுதுன பூச்சி மேட்டர அப்புடியே அனுப்பிட்டேன், ஓகேன்னு ஒரு வார்த்த, கூட ஒரு சோக பொம்ம.

பொள்ளாச்சி இளநி:
ஆத்தாகிட்ட நல்லா இருக்கறேன்னு சொல்லுங்க. வேலைக்குப் போறேன், தையல் மெஷின் ஒன்னு வாங்கியிருக்கேன், மாடு ரெண்டு நிக்குது. இப்ப ஒரு எடம் பேசிட்டு இருக்காங்க, மூணு தடவ பாத்தாச்சு, நாலாவது தடவையும் பாப்பேன்.

பழைய பஞ்சாயத்து:
ஆத்தா பகுத்தறிவாத்தான் பேசியிருக்கு. வாபஸ் வாங்கிக்கறேன்.

(மூணு வாரங்கழிச்சு)

ஆவணிப்பொண்ணு:
எல்லாரும் மன்னிக்கணும், கல்யாணம் முடிஞ்சு மறுவீடு, விருந்துன்னு சுத்துனதுல எழுத முடியல. நல்லபடியா நடந்துச்சுங்க. ஆனா ஒன்னு நடந்துச்சு, அத உங்ககிட்டச் சொல்லாம முடியாது.

ஆத்தாளுக்குப் படி ஏற முடியாதுன்னு மண்டபத்துல கீழ டைனிங் ஹாலுக்குப் பக்கத்து ரூம் குடுத்திருந்தோம். எனக்கு 2.30க்கு மேக்கப் ஆரம்பிச்சு, 4.30க்கு தலைக்குப் பூ வெக்கணும், சத்தியமங்கலத்துலருந்து வர வேண்டிய மல்லி இன்னும் வண்டில இருக்குது. மேல ரூம்ல ஒரே கூட்டம், எனக்குத் தல வலிச்சுது, கீழ வந்து ஆத்தா கட்டல்ல உக்காந்திருந்தேன். ஜடை பாதி பின்னுனதோட நிக்குது, காது மாட்டல் ஒரு பக்கம் மட்டும்.

கதவு தட்டற சத்தம். அவிய. அவங்க அம்மா, போயி பெரியவங்க கால்ல உழுந்துட்டு வான்னு அனுப்பியிருக்காங்க, நான் அங்க இருக்கறது தெரியாது. கதவத் தெறக்கவும் ஆத்தா என்ன பண்ணுச்சுன்னா, கட்டல்ல உக்காந்தபடியே முந்தானைய ரெண்டு கையாலயும் விரிச்சு என்ற மூஞ்சிக்கு முன்னாடி புடிச்சிருச்சு. 82 வயசு, கை ரெண்டும் நடுங்குது, சேல ஆடுது. கீழ எனக்கு அவிய காலு மட்டுந்தான் தெரிஞ்சுது. வேட்டி நுனி, ஒரு குதிகால்ல பிளாஸ்டர், ரிசப்ஷன் ஷூ கடிச்சிருக்கு.

அவிய அப்புடியே நின்னுட்டாங்க. திரும்பிப் போவாங்கன்னு பாத்தேன், போகல. கால்ல உழுந்து எந்திரிச்சு, ஆத்தாகிட்டப் பேசற மாதிரி, "எல்லாரும் காப்பி குடிச்சாச்சுங்களா ஆத்தா?"ன்னாங்க.

"நான் குடிச்சுட்டனுங்க மாப்ள. இன்னொரு ஆளு இன்னும் குடிக்கல"ன்னு ஆத்தா சொல்லுச்சு.

"குடிக்கச் சொல்லுங்க ஆத்தா, தல வலிக்கும்"னாங்க. என்ற தல வலி அவியளுக்கு எப்புடித் தெரியும். நான் முந்தானைக்குப் பின்னாடியிருந்து, "அவியள செருப்புப் போட்டு நடக்கச் சொல்லு ஆத்தா, பிளாஸ்டர் நனையுது"ன்னேன். ஆத்தா ரெண்டையும் மறுக்கா சொல்லவே இல்ல, "சரி சரி, நேரமாச்சு போங்க"ன்னுச்சு. காலு வெளிய போச்சு. அஞ்சு நிமிசத்துல டைனிங் ஹால் பையன் ஒருத்தன் டம்ளர்ல காப்பி கொண்டாந்து குடுத்தான், சக்கர எச்சா, நான் குடிக்கற மாதிரி.

நாயுடு ஊட்டு மருமக:
ஆத்தா தெர புடிச்சிருச்சா!!! நான் ஆபீஸ்ல உக்காந்து அழுதுட்டு இருக்கேன், பக்கத்து சீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு கேக்கறாங்க.

தறிக்காரன்:
போட்டோ இருக்குதா?

ஆவணிப்பொண்ணு:
இல்லீங்கண்ணா. அந்த நேரத்துல மூணு கேமராவும் வெளிய, வாழமரத்தையும் கோலத்தையும் எடுத்துட்டு இருந்துச்சு.

கேமராக் கண்ணு:
பர்ஸ்ட் லுக்குக்குப் போட்ட காச கழிச்சாரா அவரு?

ஆவணிப்பொண்ணு:
இல்லீங்க. கழிக்க முடியாதாம், அதுக்குப் பதிலா ஆல்பத்துல நாலு பக்கம் எச்சா போட்டுத் தர்றேன்னிருக்காரு. எட்டு மணிக்குத் தோப்புல எடுத்தது நல்லா வந்திருக்குது, நீங்க சொன்ன மாதிரியே.